எக்ஸ்ரே மாமா காலமானார் – தெரிஞ்சவங்க எழுதுங்க

ஒண்டிக்கடை வாசி

ஏற்காட்டு மலையில இருக்கற பல பேருக்கு ஏற்கெனவே சேதி வந்திருக்கும். எக்ஸ்ரே மாமா போன வியாழக்கிழமை விடியக்காலைல, கன்னங்குறிச்சியில மகன் வீட்டுல காலமாயிட்டாரு. வயசு 77. காரியம் எல்லாம் அன்னைக்கே முடிஞ்சிருச்சு.

பேரும் போட்டோவும் நெட்டுல போட வேண்டாம்னு வீட்டுல கேட்டுக்கிட்டாங்க. போடாட்டியும் இந்தப் பக்கத்துல "எக்ஸ்ரே மாமா"ன்னா வேற யாரும் கிடையாது. புதுசா வந்தவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். 1966ல பட்டாளத்துல சேர்ந்தாரு. லக்னோ ஏ.எம்.சி. சென்டர்ல பயிற்சி. ஆர்மி மெடிக்கல் கோர்ல ரேடியோகிராபரா இருந்து 1986ல ஹவில்தாரா வெளிய வந்தாரு. அதுக்கப்புறம் ஏற்காட்டுல ஒரு சின்ன ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே ரூமை வருஷக்கணக்கா அவர் ஒருத்தராவே பாத்துக்கிட்டாரு. முட்டி வலி வந்து மலை ஏறி இறங்க முடியாமப் போனதும் டவுன்ல ஒரு ஸ்கேன் சென்டர்ல பாதி நேர வேலை.

ஒரே ஒரு வேண்டுகோள். "தங்கமான மனுஷன்", "தெய்வம்"னு மட்டும் எழுதிட்டுப் போகாதீங்க. அவர் என்ன செஞ்சாரோ அதை எழுதுங்க. பேரப்பிள்ளைங்க படிக்கப் போறாங்க.

சேலத்து மாம்பழம்

ஆழ்ந்த இரங்கல்கள் 🙏 தங்கமான மனுஷன்.

ஒண்டிக்கடை வாசி

😐

நாகலூர் பையன்

எங்க பெரியப்பா மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்துல ஏணி சாத்தி ஏறினவர், வழுக்கி விழுந்துட்டாரு. மாசி மாசம். முன்னங்கை வளைஞ்சு போச்சு. எங்க வீட்டுல நேரா புத்தூர் கட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஜீப்பே சொல்லியாச்சு. போற வழியில ஆஸ்பத்திரி வாசல்ல மாமா நின்னுட்டிருந்தாரு. வண்டிய நிறுத்தினாரு.

வேற யாரா இருந்தாலும் "புத்தூர் கட்டா? படிச்சவங்க பண்ற வேலையா இது?"ன்னு ஆரம்பிச்சிருப்பாங்க. மாமா அப்படிப் பேசல. "கட்டு எங்க வேணா போடுங்க கவுண்டரே, ஆனா படம் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. உள்ள எப்படி உடைஞ்சிருக்குன்னு கட்டுறவனுக்கும் தெரியணுமில்ல"ன்னாரு. பெரியப்பா இறங்கிட்டாரு. படத்துல ரெண்டு எலும்பும் உடைஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னுச்சு. அதை எங்க கண்ணு முன்னாடி லைட்டுல வெச்சுக் காட்டினாரு. வேற ஒண்ணும் சொல்லல. "டாக்டர் அடுத்த ரூம்ல இருக்காரு"ன்னு மட்டும் சொன்னாரு. பெரியப்பா புத்தூருக்குப் போகல. பிளேட் வெச்ச கையோட அதுக்கப்புறமும் மரம் ஏறினாரு, அது வேற கதை.

நைட் டியூட்டி

அவருடன் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். ரிட்டயர் ஆகிவிட்டேன். இந்த மாதிரி இடத்தில் எழுதிப் பழக்கமில்லை, பேத்தி டைப் செய்து தருகிறாள்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். அப்போது ஃபிலிம். டார்க் ரூமில் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் ஃபிலிமை ஹேங்கரில் மாட்டி, டெவலப்பர் தொட்டியில் முக்கி, பிறகு தண்ணீர், பிறகு ஃபிக்சர், பிறகு மறுபடி தண்ணீர். டெவலப்பர் 20 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும், அப்போதுதான் கணக்குப்படி ஐந்து நிமிஷத்தில் படம் சரியாக வரும். மார்கழி மாதத்தில் ஏற்காட்டுத் தண்ணீரில் எங்கே 20 டிகிரி? ரொம்பக் குளிர்ந்துவிட்டால் அந்த மருந்து வேலையே செய்யாது, படம் வெளிறிப்போய் வரும். அதனால் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, விறகு அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, பெரிய தொட்டியில் ஊற்றி, அதற்குள் டெவலப்பர் தொட்டியை இறக்கி வைப்பார். தெர்மாமீட்டரை வைத்துவிட்டுக் காத்திருப்பார். சூடு ஏறும்வரை ஒரு படமும் எடுக்க விடமாட்டார். "இவரு என்ன, இட்லி வேகவைக்கிறாரா?" என்று டாக்டரே கேலி செய்வார்.

பிற்பாடு டவுனுக்கு வேலைக்குப் போனபோது அங்கே நேர்மாறான தொல்லை. சித்திரை வெயிலில் மருந்து கொதித்து, ஃபிலிமின் மேல்பூச்சே இளகிவிடுமாம். ஐஸ் கட்டி வாங்கித் தொட்டியைச் சுற்றிப் போட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். டிஜிட்டல் வருவதற்கு முந்தின கதை.

அந்தச் சுடுதண்ணீரில் இன்னொரு வேலையும் நடக்கும். நெஞ்சுப் படம் எடுக்க கேசட்டை, அதாவது ஃபிலிம் வைக்கும் தட்டைப் பெட்டியை, வெற்று மார்போடு ஒட்டி நிற்க வேண்டும். அலுமினியம். மலைக் குளிரில் அது பட்டால் உடம்பு தூக்கிப் போடும். குழந்தை என்றால் வீறிட்டு அழும், அசையும், படம் கலங்கிவிடும். அவர் கேசட்டைக் காயவைத்த துண்டில் சுற்றித் தன் கம்பளிக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகுதான் எடுத்து மாட்டுவார். யாரும் அவருக்கு அப்படிச் செய்யச் சொல்லித் தரவில்லை. ஏன் என்று கேட்டால், "குளிர்ல நடுங்கினா ரெண்டாவது படம் எடுக்கணும் சிஸ்டர், ஃபிலிம் என்ன விலை?" என்பார். ஃபிலிம் விலையைச் சாக்காகச் சொல்லுவார்.

அஸ்தம்பட்டி அக்கா

நைட் டியூட்டி அம்மா, நீங்க எழுதுங்க எழுதுங்க. பொம்பளைங்க விஷயத்துல அவர் எப்படி இருந்தாருன்னு நான் சொல்றேன், ஏன்னா அதை ஆம்பளைங்க யாரும் எழுதப் போறதில்ல.

கல்யாணமான புதுசுல எனக்கு இருமல் விடாம இருந்துச்சு, நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னாங்க. ஆம்பளை டெக்னீசியன்னு எனக்கு உதறல். அவர் ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே ஒரு ஆயாம்மா வந்து ரவிக்கைய மாத்தி, கவுன் குடுத்து, முதல் வேலையா என் சடையத் தூக்கி உச்சந்தலைல கொண்டை போட்டு விட்டாங்க. எதுக்குன்னு கேட்டேன். சடை தோள்ல கிடந்தா படத்துல நுரையீரல் மேல நிழலா விழும், டிபின்னு நினைச்சு மாத்திரை குடுத்துருவாங்க, ஐயா சொல்லியிருக்காருன்னாங்க.

அப்புறம் தாலி. எடுத்துத்தான் ஆகணும்னு வேற இடத்துல எனக்கே சொல்லியிருக்காங்க, மாமியார் வெளிய நின்னு சாபம் விட்டதும் நடந்திருக்கு. இங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? தாலியத் தூக்கி வாயில பல்லுக்கு நடுவுல கடிச்சுக்கச் சொன்னாங்க. தாடை கேசட்டுக்கு மேல இருக்கும், நெஞ்சுக்குள்ள எதுவும் விழாது. அவ்வளவுதான். ஒரு வாக்குவாதம் இல்ல.

"தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு"ன்னு கேக்க வேண்டியதையும் அவர் கேக்க மாட்டாரு, ஆயாம்மா கேப்பாங்க. தள்ளிப் போயிருக்குன்னு சொன்னா, "இன்னைக்கு மெஷின் சரியில்ல, அடுத்த வாரம் வாங்க"ன்னு வெளிய நிக்கிற புருஷன்கிட்டயும் மாமியார்கிட்டயும் அவர் சொல்லிருவாரு. டாக்டர்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லிடுவாரு. எத்தனை பேரு வீட்டுக்குச் சொல்றதுக்கு முன்னாடியே அந்த மெஷின் "ரிப்பேர்" ஆயிருக்கும்!

கொலுசுப் பட்டறை

செவ்வாய்பேட்டையில எங்க அப்பா காலத்துல பழைய ஃபிக்சர் வாங்குவோம். தெரியாதவங்களுக்கு: எக்ஸ்ரே ஃபிலிம்ல வெள்ளி உப்பு பூசியிருக்கும். கருக்காத பகுதியில இருக்கற வெள்ளி எல்லாம் ஃபிக்சர் தண்ணியில கரைஞ்சிரும். அந்தத் தண்ணியில இருந்து வெள்ளியப் பிரிச்சு எடுக்கலாம். பழைய ஃபிலிமையும் எடைக்கு வாங்குவாங்க. கொலுசு ஊர்ல இதுக்கு எப்பவும் கிராக்கிதான்.

பெரும்பாலான எடத்துல அந்தத் தண்ணிய சாக்கடையில ஊத்திருவாங்க, இல்ல ரூம் பையன் கைமாத்தி டீச்செலவுக்கு வெச்சுக்குவான். மாமா மட்டும் கேன்ல அடைச்சு, எத்தனை படம் கழுவின தண்ணின்னு சீட்டு ஒட்டி, பஸ்ல ஏத்தி அனுப்புவாரு. ஏன்னா எத்தனை படம்னு தெரிஞ்சா எவ்வளவு வெள்ளி வரும்னு குத்துமதிப்பா அவருக்கும் தெரியும், எங்க அப்பாவால ஏமாத்த முடியாது! "மிலிட்டரிக்காரன்கிட்ட பேரம் பேசுறதும் ஒண்ணு, பாறைல முட்டுறதும் ஒண்ணு"ன்னு அப்பா பொலம்புவாரு. ரசீது கேப்பாரு. ரசீது! வெள்ளிப் பட்டறைல!

நைட் டியூட்டி

அந்தப் பணம் எங்கே போனது என்று நான் சொல்கிறேன். மேட்ரனிடம் எழுதி ஒப்புதல் வாங்கி ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டு வைப்பார். சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பாதி ஜனம் போகாது. பயம் ஒரு பக்கம், பஸ் காசு ஒரு பக்கம். போக ஒரு ஆளுக்கு, துணைக்கு ஒரு ஆளுக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்கு என்று அந்த டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார். நோட்டில் எழுதுவார். திருப்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை. சிலர் காப்பிக் காசு வந்ததும் தாங்களே கொண்டுவந்து போடுவார்கள்.

மஞ்சக்குட்டை

எல்லாரும் நல்லதா எழுதுறீங்க. நானும் அவரை மதிச்சவன்தான். ஆனா பேரப்பிள்ளைங்க படிக்கிறதா இருந்தா இதையும் படிக்கட்டும்.

2003ல எங்க அப்பாவுக்கு எடை குறைஞ்சுட்டே வந்துச்சு. படம் எடுத்தது மாமாதான். நான் அவர் முகத்தையே பாத்துட்டிருந்தேன். ஃபிலிமை லைட்டுல தூக்கிப் பாத்தாரு, உடனே இறக்கிட்டாரு. "என்ன மாமா இருக்கு?"ன்னு கேட்டேன். "டாக்டர் பாத்துச் சொல்லுவாரு தம்பி". மறுபடி கேட்டேன். அதே பதில். டாக்டர் ஊருக்குப் போயிருந்தாரு. அவர் திரும்பி வர்ற வரைக்கும் நாங்க சும்மா இருந்தோம். சும்மா கூட இல்ல, தங்கச்சி நிச்சயத்துக்குப் புடவை எடுக்க டவுனுக்குப் போய்ட்டு வந்தோம். அப்புறம்தான் தெரிஞ்சுது, நுரையீரல்ல புத்து. ரெண்டு மாசம் கூட இருக்கல.

முன்னாடியே சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாருன்னு நான் சொல்லல. ஆனா துபாய்ல இருந்த அண்ணனை முன்னாடியே கூப்பிட்டிருப்போம். நெலத்து விஷயம் அப்பா பேசி முடிச்சிருப்பாரு. முப்பது வருஷம் படம் பாத்த மனுஷனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சுது. என் முகத்தப் பாத்து மறைச்சாரு.

ஐந்து ரோடு ஆளு

அதுவும் நல்லதுக்குத்தானே பாஸ்? அந்த நாலு நாள் உங்க அப்பா நிம்மதியா இருந்தாரு இல்ல.

மஞ்சக்குட்டை

அதை நீங்க சொல்ல வேண்டாம்.

டார்க் ரூம் இல்லாத டெக்னீசியன்

மஞ்சக்குட்டை அண்ணா, உங்க வருத்தத்தைக் குறைச்சுப் பேசல. நானும் ரேடியோகிராபர்தான், டிப்ளமா முடிச்சுட்டு ட்ரெயினிங்குக்கு வந்த எடத்துல மாமாகிட்ட கத்துக்கிட்டவன். எங்க தொழில்ல இது முதல் பாடம்: படம் எடுக்குறது நாங்க, படிச்சுச் சொல்றது டாக்டர். நெஞ்சுப் படத்துல ஒரு வெள்ளை வட்டம் தெரிஞ்சா அது புத்தா இருக்கலாம், டிபி கட்டியா இருக்கலாம், பழைய தழும்பா இருக்கலாம், சில சமயம் மார்க்காம்போட நிழலே அப்படி விழும். அக்கா சொன்ன சடை மாதிரி. டெக்னீசியன் வாய் தவறி "புத்து மாதிரி இருக்கு"ன்னு சொல்லி, அது இல்லன்னு ஆன கேஸும் நான் பாத்திருக்கேன். அந்தக் குடும்பம் பட்ட பாடு சொல்லி மாளாது.

மாமா என்கிட்ட சொன்னது: "உன் முகமும் ஒரு ரிப்போர்ட்தாண்டா. வெளிய வரும்போது அதை ஆஃப் பண்ணிட்டு வா."

மஞ்சக்குட்டை

ரூல் எனக்குப் புரியுது தம்பி. டாக்டர் ஊர்ல இருந்தா அந்த ரூல் சரி. டாக்டர் இல்லாத மலையில அந்த ரூலைப் பிடிச்சுத் தொங்குறதுக்குப் பேரு கருணையா? "நாளைக்கே டவுனுக்குப் போங்க"ன்னு ஒரு வார்த்தை. நோய் பேர் சொல்ல வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும்.

தறிச்சத்தம்

இதுல மஞ்சக்குட்டை சொல்றதுல நியாயம் இருக்கு. மத்தவங்க கோவிச்சுக்காதீங்க. நோய் என்னன்னு சொல்றது வேற, சீக்கிரம் போங்கன்னு சொல்றது வேற.

சேலத்து மாம்பழம்

செத்த மனுஷனைப் பத்தி இப்படிப் பேசணுமா? அட்மின், அந்தப் பதிவ எடுத்துருங்க.

நைட் டியூட்டி

எடுக்க வேண்டாம். மஞ்சக்குட்டை தம்பி, உங்கள் அப்பாவை எனக்கு நினைவிருக்கிறது.

ஒன்று சொல்கிறேன். பிற்பாடு அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். படம் அவர் மனதுக்குச் சரியில்லை என்று பட்டால், டாக்டர் மலையில் இல்லாவிட்டால், ஃபிலிம் காயக்கூடக் காத்திருக்க மாட்டார். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறை மேல் சிவப்பு மையில் கோடு போட்டு, அடுத்த பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து, கீழே டவுனில் ஒரு நெஞ்சு டாக்டருக்கு அனுப்புவார். போன் போட்டும் சொல்லிவிடுவார். அன்று சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிடும். நோயாளியிடம் "டாக்டர் உங்களை நாளைக்கே வரச் சொன்னார்" என்பார். டாக்டர் வாயால் வந்த வார்த்தை, அதனால் விதியும் மீறவில்லை.

மஞ்சக்குட்டை

அது எந்த வருஷத்துல இருந்தும்மா?

நைட் டியூட்டி

உங்கள் அப்பா விஷயத்துக்கு அப்புறம்தான். அதற்கு இதுதான் காரணம் என்று அவர் என்னிடம் சொன்னதில்லை. அவர் சொல்லாததை நானும் சொல்ல மாட்டேன்.

மஞ்சக்குட்டை

சரிம்மா. நான் எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்.

ஒண்டிக்கடை வாசி

இருக்கும். எதையும் அழிக்கல.

ஐந்து ரோடு ஆளு

ஒரு சந்தேகம், யாரும் தப்பா எடுத்துக்க வேண்டாம். மெடிக்கல்ல இருந்தவர்னா சண்டை எல்லாம் பாத்திருப்பாரா? எல்லாரும் "வீரர்" "வீரர்"ங்கறாங்க, அதான் கேட்டேன். இலங்கைக்கு ஐ.பி.கே.எஃப்ல (இந்திய அமைதிப் படை) போனாருன்னும் ஒருத்தர் சொன்னாரு.

குகை ரிட்டயர்டு நாயக்

இலங்கைக்குப் போகல. படை அங்க போனது 1987 ஜூலை. இவர் அதுக்கு முந்தின வருஷமே வெளிய வந்தாச்சு. வாட்ஸப்புல வர்றதெல்லாம் நம்பாதீங்க.

சண்டை பாத்தாரான்னு கேட்டீங்க. 1971 பாகிஸ்தான் சண்டை, கிழக்கு முனை, இப்ப பங்களாதேஷ் இருக்கற பக்கம். அவர் சட்டையில பூர்வி ஸ்டார் (அந்த முனையில இருந்தவங்களுக்குக் குடுத்த பதக்கம்) இருக்கும், டிசம்பர் 7 கொடி நாளுக்கு மட்டும் குத்திட்டு வருவாரு. அந்தச் சண்டை டிசம்பர் 3ல ஆரம்பிச்சு 16ல முடிஞ்சுது. நம்ம பக்கம் ரெண்டே வாரம்னு சுலபமா சொல்லிடறோம். அடிபட்டவன் முதல்ல பட்டாலியனோட ரெஜிமெண்டல் எய்டு போஸ்ட்டுக்கு வருவான், அங்க ரத்தத்த நிறுத்திக் கட்டுப் போட்டு ஏ.டி.எஸ்.க்கு (அடுத்த கட்ட சிகிச்சைக் கூடம்) அனுப்புவாங்க, அங்கிருந்து ஃபீல்டு ஆஸ்பத்திரி. இவர் இருந்தது அந்தக் கடைசி எடத்துல, கூடாரத்துக்குள்ள, ஜெனரேட்டர்ல ஓடுற எக்ஸ்ரே மெஷினோட. குண்டுச் சில்லு உடம்புக்குள்ள எங்க இருக்குன்னு ஒரு படத்துல சொல்ல முடியாது. நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு எடுத்தாத்தான் ஆழம் தெரியும். தொடை உடைஞ்சு கிடக்கறவன பக்கவாட்டுல திருப்புறது எப்படி? திருப்ப மாட்டாங்க, மெஷினத்தான் திருப்புவாங்க. "ஆளை அசைக்காத, மெஷினை அசை"ன்னு அவர் சொல்றது அங்க இருந்து வந்த பழக்கம்.

16ஆம் தேதி பாகிஸ்தான் படை டாக்காவுல சரணடைஞ்சதுக்கு அப்புறம் அவங்க பக்கத்து காயக்காரங்களும் இதே கூடாரத்துக்குத்தான் வந்தாங்க. வரிசையில யாரு முன்னாடின்னு காயத்தப் பாத்துத்தான் முடிவு, யூனிஃபார்மப் பாத்து இல்ல. ஏ.எம்.சி.யோட வாசகமே "சர்வே சந்து நிராமயா", எல்லாரும் நோயில்லாம இருக்கணும்னு அர்த்தம். ஒரு தடவை என்கிட்ட சொன்னாரு, ஒரு பலூச் சிப்பாய் படம் எடுக்கும்போது மூச்ச நிறுத்தச் சொன்னா புரியாம முழிச்சானாம், இவர் தன் மூக்கப் பிடிச்சுக் காட்டினாராம், அவன் சிரிச்சுட்டானாம், விலா உடைஞ்சவன் சிரிச்சதுல வலி தாங்காம இவரைத் திட்டினானாம். அவர் சொன்ன சண்டைக் கதை எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்.

துப்பாக்கி தூக்கினவன்தான் வீரன்னு நெனைக்கிறவங்களுக்கு ஒரு சல்யூட், தள்ளி நின்னு.

வாழவந்தி டீச்சர்

உப்பு சர்க்கரைத் தண்ணீரைப் பற்றி யாருமே எழுதவில்லையே.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மழைக்காலம் வந்தாலே பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராக வருவார், டெக்னீசியனாக இல்லை, சும்மா. ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பிள்ளைகளையே அளந்து போடச் சொல்லி, ருசி பார்க்கச் சொல்லுவார். கண்ணீரை விட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் சொல்லித்தரும் அளவுக்குப் பழக்கிவிட்டார்.

இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, வங்காளத்தில் என்றார். பிறகு நான் தேடிப் படித்தேன். 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஒரு கோடி பேர்போல அகதிகளாக வந்தார்கள். பொங்காவ்ன் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த நீரை வாய் வழியாகவே கொடுக்க வைத்தார். உறவினர்களே ஊட்டினார்கள். பிழைத்தவர்கள் ஏராளம். அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது 2023இல், காலமான பிறகு. அந்தப் பக்கத்து முகாம்களைப் பார்த்துவிட்டு வந்த ஒரு சேலத்துச் சிப்பாய் அதை வாழவந்திக்குக் கொண்டுவந்தார். சமூக அறிவியல் பாடத்தில் இந்தச் சண்டையை நடத்தும்போது இதைத்தான் நான் சொல்லுவேன்.

டார்க் ரூம் இல்லாத டெக்னீசியன்

எனக்கு அவர் சொல்லிக் குடுத்ததுல ஒண்ணு மட்டும். குழந்தைக்குப் படம் எடுக்கும்போது அம்மாதான் பிடிச்சுக்கணும். ஈயக் கவசம் மாட்டாம யாரையும் உள்ள நிக்க விட மாட்டாரு. ஒரு தடவை கவசம் ஒண்ணுதான் இருந்துச்சு, அம்மா ஒரு பக்கம், பாட்டி ஒரு பக்கம் பிடிக்கணும்னு நின்னாங்க. பாட்டிய வெளிய அனுப்பிட்டாரு. "தூரத்த ரெண்டு மடங்கு ஆக்கினா கதிர் நாலுல ஒண்ணாக் கொறையும், பாட்டியம்மா, அந்த மாமரத்துக்கிட்டப் போய் நில்லுங்க"ன்னாரு. பாட்டிக்கு ஒண்ணும் புரியல, ஆனா போய் நின்னுச்சு 😄

அவர் சட்டைல எப்பவும் டி.எல்.டி. பேட்ஜ் இருக்கும். எவ்வளவு கதிர் பட்டுருக்குன்னு கணக்குப் பாக்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தி அனுப்பணும். இன்னைக்கும் அதை டிராயர்ல போட்டு வெச்சிட்டு வேலை பாக்கற சீனியருங்க இருக்காங்க. மாமாவுக்கு 70 வயசுலயும் பேட்ஜ் இல்லாம சுவிட்ச் போட மனசு வராது.

ஆங், அந்த "மூச்ச இழு... நிறுத்து... விட்டுரு". மலையில ஒரு தலைமுறையே இதைச் சொல்லி விளையாடியிருக்கு.

இருபதாவது வளைவு

ஆமா 😂 கபடி ஆடும்போது கூட நாங்க அதைத்தான் சொல்லுவோம்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். அவருக்கு ஏதாவது செய்யணும். நாலு ரோட்ல பெரிசா ஒரு ஃபிளெக்ஸ் வைக்கலாமா? நான் ஐயாயிரம் போடறேன்.

அஸ்தம்பட்டி அக்கா

பேரு, போட்டோ வேண்டாம்னு வீட்டுல சொல்லியிருக்காங்க. ஃபிளெக்ஸ்ல என்னத்தப் போடுவீங்க, எக்ஸ்ரேவா?

இருபதாவது வளைவு

அப்ப ரத்ததான முகாம்? டிசம்பர் 7 கொடி நாள். பொருத்தமா இருக்கும்.

நைட் டியூட்டி

தம்பி, நல்ல எண்ணம். ஆனால் அவரே ஏன் முகாம் வைக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். டிசம்பரில் காப்பிப் பழம் பறிப்பு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? வந்தாலும் ஹீமோகுளோபின் 12.5 இருந்தால்தான் எடுக்கலாம், தோட்டத்துப் பெண்களில் நிறையப் பேருக்கு அது இருக்காது. வரிசையில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்புவதை அவர் விரும்பவில்லை. எடுத்த ரத்தமும் 35 நாள்தான் தாங்கும். அதனால் அவர் முகாமுக்குப் பதில் நோட்டு வைத்தார்.

இருபதாவது வளைவு

என்ன நோட்டு?

நாகலூர் பையன்

தெரியாதா? ரத்த நோட்டு. ஊர் வாரியா, யாரு எந்த குரூப்புன்னு எழுதி வெச்சிருப்பாரு. பிரசவக் கேஸ் ஒண்ணு கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னா, பின்னாடியே அதே குரூப்புல ரெண்டு மூணு பேரை ஜீப்புல ஏத்தி அனுப்பிருவாரு. மூணு மாசம் ஆகாம ஒருத்தரை ரெண்டாவது தடவை கூப்பிட மாட்டாரு, தேதி எழுதியிருக்கும். நெகட்டிவ் குரூப் எல்லாம் பச்சை மை. செம்மநத்தத்துல ஒரு ஓ நெகட்டிவ் அண்ணன் இருந்தாரு, அவரை விஐபி மாதிரி கவனிப்பாரு. குளிர்ல வெளிய சுத்தாதன்னு திட்டுவாரு.

ஐந்து ரோடு ஆளு

இப்பதான் இ-ரத்தகோஷ் இருக்கே. போன்லயே எந்த பிளட் பேங்க்ல எவ்வளவு இருக்குன்னு தெரியும். நோட்டெல்லாம் எதுக்கு?

தறிச்சத்தம்

பேங்க்ல இருந்தா அது காட்டும். ராத்திரி பதினோரு மணிக்கு ஓ நெகட்டிவ் "0"ன்னு காட்டும்போது என்ன பண்ணுவீங்க? போன வருஷம் என் மச்சினிக்கு நடந்துச்சு. ஆள் வேணும். நோட்டு ஆளைக் காட்டும்.

ஒண்டிக்கடை வாசி

நோட்டு விஷயமா மகன்கிட்டப் பேசிட்டேன். நோட்டு பத்திரமா இருக்கு, நம்மகிட்டக் குடுக்க சம்மதம். ஆனா மூணு சிக்கல். முதல் சிக்கல், பாதி நம்பர் பழைய 04281 லேண்ட்லைன். ரெண்டு, அதுல இருக்கற நிறையப் பேருக்கு இப்ப 65 தாண்டிருச்சு, ரத்தம் குடுக்க முடியாது. மூணாவது, ஊர்க்காரங்க விவரத்த அவங்களைக் கேக்காம நெட்டுல ஏத்துறது தப்பு. மாமாவே அதை யார்கிட்டயும் காட்ட மாட்டாரு, பீரோல பூட்டி வெச்சிருப்பாரு.

குகை ரிட்டயர்டு நாயக்

சரி, அப்போ நெட்டுல ஏத்த வேண்டாம். பேப்பர்லயே வெச்சுக்கலாம். ஊருக்கு ஒருத்தர் பொறுப்பு எடுத்து நேர்ல போய்க் கேளுங்க. 65 தாண்டினவங்க பேரை அடிச்சுட்டு அவங்க பசங்க பேரை எழுதலாம்.

டார்க் ரூம் இல்லாத டெக்னீசியன்

பசங்க பேரை எழுதலாம், ஆனா குரூப்ப அப்படியே எழுதக் கூடாது அண்ணா. அப்பாவுக்கு ஓ நெகட்டிவ்னா பையனுக்கும் அதுதான்னு கிடையாது. ஒவ்வொருத்தருக்கும் புதுசா பாக்கணும். எங்க லேப் நண்பர் ஒருத்தர் ஸ்லைடு, மருந்தெல்லாம் கொண்டு வர்றேன்னுட்டாரு. விரல் நுனில ஒரு சொட்டு, ரெண்டு நிமிஷ வேலை. காசு வேண்டாம்.

வாழவந்தி டீச்சர்

வாழவந்தி எனக்கு. பழைய மாணவர்கள் எல்லோரும் இப்போது 18 தாண்டியவர்கள், ஒரு சத்தம் போட்டால் வருவார்கள்.

நாகலூர் பையன்

நாகலூர் நான். செம்மநத்தத்துக்கும் பேசிட்டேன், அந்த ஓ நெகட்டிவ் அண்ணன் பையன் பொறுப்பு எடுத்துக்கறேன்னான். அவன் குரூப் என்னன்னு அவனுக்கே தெரியல.

கொலுசுப் பட்டறை

வண்டிச் செலவு என் பொறுப்பு. எங்க அப்பா பேரத்துல மாமாகிட்டத் தோத்த காசு இது, வட்டியோட வெச்சுக்குங்க 😄 ரசீது வேண்டாம்.

ஒண்டிக்கடை வாசி

ரசீது உண்டு.

வர்ற ஞாயிறு காலை 9 மணிக்கு, எஸ்டேட் லீவு நாள். எடம் தனிச்செய்தில அனுப்பறேன். சேலத்துல இருந்து வர்றவங்க அடிவாரத்துல ஏழரைக்கு நில்லுங்க. குப்பனூர் வழியா வர்றவங்க கொட்டச்சேட்டுல ஏறிக்கலாம், ஜீப் சொல்லியாச்சு. நைட் டியூட்டி அம்மாவைக் கூட்டிட்டு வர்றது அக்கா பொறுப்பு. அப்புறம் எல்லாரும் நல்லா சாப்பிட்டுட்டு வாங்க, குரூப் பாக்க வெறும் வயிறு வேண்டாம்.